நம் நாட்டுக்கு வராத டாப் வேரியன்ட்: இறக்குமதி, ரீமேப், அல்லது ஷோரூமில் இருப்பதே போதுமா?

ஒரு மாடலின் உச்ச பெர்ஃபாமன்ஸ் வேரியன்ட் உங்கள் நாட்டில் விற்பனைக்கே வரவில்லை என்றால் மூன்று வழிகள் உண்டு. அதையே தனியாக இறக்குமதி செய்யலாம். ஷோரூமில் கிடைக்கும் அடுத்த படியை வாங்கி ரீமேப் செய்யலாம், அதாவது எஞ்சின் மென்பொருளை மாற்றி பவரைக் கூட்டலாம். அல்லது அதை அப்படியே ஓட்டலாம். என் ஓட்டு கடைசி வழிக்கு, நான் வாங்கியிருப்பதும் அப்படியொரு ஷோரூம் காரைத்தான்.

கம்பெனி ஏன் தரவில்லை என்பது தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். ஒவ்வொரு எஞ்சின்–கியர்பாக்ஸ் ஜோடிக்கும் மாசு, சத்தச் சோதனைகள் நாட்டுக்கு நாடு மாறும். கொஞ்சமாக விற்கும் காருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஐரோப்பிய யூனியனில் ஒரு கம்பெனி கார்களின் சராசரி கார்பன் உமிழ்வு இலக்கைத் தாண்டினால், கிலோமீட்டருக்குக் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும், பதிவான ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். 2024 ஜூலையில் அங்கே சைபர் பாதுகாப்பு விதி வந்ததும் பெட்ரோல் போர்ஷே 718 வரிசையில் பெரும்பாலானவை விலகின. டொயோட்டா ஜிஆர்86-ஐ அதே மாதம் அமலான பாதுகாப்பு விதிகள் வெளியேற்றின. சில கார்களில் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பதே தடை. பிஎம்டபிள்யூ ஈ30 எம்3, லான்சியா டெல்டா இன்டகிராலே இரண்டும் இடப்பக்க ஸ்டீயரிங்கோடு மட்டுமே தயாரானவை.

வந்தாலும் அதே காராக வரும் என்ற உத்தரவாதம் இல்லை. ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் ஐரோப்பாவில் 300 பிஎஸ் (குதிரைத்திறன்). ஆஸ்திரேலியாவுக்கு வெப்பநாட்டு டியூனோடு 206 கிலோவாட், அதாவது சுமார் 280 பிஎஸ். முதலில் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸ் ஜப்பானில் 272 பிஎஸ், ஐரோப்பாவில் 261. ஆகவே இறக்குமதி செய்பவர் எந்த நாட்டுக் காரை எடுக்கிறார் என்பதும் முக்கியம்.

விலை, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் அவரவர் கணக்கு. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு.

இறக்குமதிக் காரின் சேசிஸ் நம்பரை உள்ளூர் பார்ட்ஸ் கவுன்ட்டரில் அடித்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. டிஸ்க், பிரேக் பேட் என்றால் கார் விற்ற நாட்டின் கேட்டலாக்கில் பார்ட் நம்பரைத் தேடி நாமே வரவழைத்துக்கொள்ளலாம். தலைவலி எலெக்ட்ரானிக்ஸில்தான். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் மீட்டர் கிளஸ்டர், இன்ஃபோடெயின்மென்ட் போன்ற மாட்யூல்கள் அந்தந்தக் காரோடு பூட்டப்பட்டவை. மாற்றினால் டீலரின் கருவி ஆன்லைனில் கம்பெனி சர்வரைத் தொட்டு அனுமதி வாங்க வேண்டும். அதுவரை மாட்யூல் பாதி வேலைதான் செய்யும். அந்த வேரியன்ட்டையே விற்காத டீலர் இதற்கு மெனக்கெடுவாரா என்பது அவருடைய மனநிலையைப் பொறுத்தது! ரீகால் கடிதமும் வீடு தேடி வராது, விற்ற நாட்டின் தளத்தில் சேசிஸ் நம்பரை அவ்வப்போது நாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

மெக்கானிக்கலாகவும் ஒரு பொறி இருக்கிறது. அதே கோல்ஃப் ஆரில் பின் சக்கரங்களுக்கு விசை கொடுப்பது ஐந்தாம் தலைமுறை ஹால்டெக்ஸ் என்ற கிளட்ச் அமைப்பு. அதில் தனி ஃபில்டர் கிடையாது, பம்ப்பின் நுனியில் ஒரு சின்ன வலை மட்டும். கிளட்ச் தேய்ந்து வரும் துகள் அதில் சேறு போலப் படியும், பம்ப் திணறிச் சூடாகிப் போய்விடும். அதன்பின் கார் முன் சக்கரங்களில் மட்டும்தான் ஓடும், பல நேரம் எச்சரிக்கை விளக்குகூட எரியாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றும்போது பம்ப்பையும் கழற்றி அந்த வலையைக் கழுவ வேண்டும். ஆர் வேரியன்ட்டைப் பார்த்திராத ஒர்க்‌ஷாப் ஆயிலை மட்டும் மாற்றி அனுப்பிவிடும். ஒரு படி கீழே உள்ள கோல்ஃப் ஜிடிஐ-யில் பின் சக்கரங்களுக்கு டிரைவே இல்லை, அந்தக் கவலையும் இல்லை.

எரிபொருளையும் பார்க்க வேண்டும். புகைத் துகளைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள ஐரோப்பிய ஸ்பெக் பெட்ரோல் கார்கள் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) கந்தக அளவை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆஸ்திரேலியாவே அந்த அளவுக்கு 2025 டிசம்பரில்தான் வந்தது. கந்தகம் கூடினால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் மந்தமாகும். சாம்பல் அதிகம் விடும் ஆயிலை ஊற்றினால் வடிகட்டி அடைக்கும்.

'வெட்டிக் கொடுத்த வேரியன்ட்' என்று ஏசப்படுவது சில நேரம் நல்லதற்கே. பிஎம்டபிள்யூ ஈ36 எம்3-க்கு ஐரோப்பாவில் 286 பிஎஸ், அமெரிக்காவில் சுமார் 243. ஐரோப்பிய எஞ்சினில் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு த்ராட்டில்கள், அதாவது காற்றை உள்ளே விடும் வால்வுகள். ஆறும் ஒத்துத் திறக்க வேண்டும், பிசகினால் ஐடிலிங் ஆடும். அமெரிக்க எஞ்சினில் ஒன்றே ஒன்று. வருடக்கணக்கில் வைத்து ஓட்ட நான் எடுப்பது இரண்டாவதைத்தான்.

ரீமேப் மலிவு, ஆனால் கியர்பாக்ஸின் எல்லையைப் பார்த்துச் செய்ய வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் ஆறு வேக டிக்யூ250 டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) 350 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு வடிவமைக்கப்பட்டது. ஏழாம் தலைமுறை ஜிடிஐ கம்பெனியிலிருந்து வரும்போதே அங்கேதான் நிற்கிறது. மேனுவலில் முதலில் கைவிடுவது கிளட்ச்: டாப் கியரில், குறைந்த வேகத்தில் முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள்; ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. உள்ளூர் பம்ப்பில் கிடைக்கும் ஆக்டேனுக்குத்தான் மேப் எழுத வேண்டும். எழுதிய பின் ஓட்டத்தின் டேட்டா லாக் எடுத்து, நாக்கிங்கைத் தவிர்க்க ஒவ்வொரு சிலிண்டரிலும் இக்னிஷன் எவ்வளவு பின்வாங்குகிறது (தீப்பொறி எவ்வளவு தாமதமாகிறது) என்று பாருங்கள். ஒரே சிலிண்டர் விடாமல் பின்வாங்கினால் மேப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ரீசேலைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். அரிய கார் என்று போட்டி போட்டு வாங்குவார்கள், வாங்க ஆளில்லாமல் மாதக்கணக்கில் நிற்பதும் உண்டு.

இறக்குமதிக்கு நான் தலையாட்டுவது ஒரே சூழலில்: அதே எஞ்சினோடு இன்னொரு கார் உள்ளூர் ஷோரூமில் இருந்தால். ஜிஆர் யாரிஸின் 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின்தான் ஜிஆர் கொரோலாவிலும். கொரோலா விற்கும் நாட்டில் யாரிஸை வைத்திருப்பவர் எஞ்சின் பாகத்துக்குத் தவிக்க மாட்டார். (அமெரிக்கர்களோ, அந்நாட்டுத் தரத்துக்குச் செய்யாத காருக்கு 25 வயதாக வேண்டும் என்ற இறக்குமதி விதியால் காத்திருக்க வேண்டும்.) அப்போதும் முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் காரின் சேசிஸ் நம்பரோடு பார்ட்ஸ் கவுன்ட்டருக்குப் போய், முன் விண்ட்ஷீல்ட், ஏபிஎஸ் யூனிட், ஹெட்லைட் மூன்றுக்கும் விலையும் காத்திருக்க வேண்டிய நாட்களும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.