‘ரேகை விழல பெரிம்மா, இன்னொரு தடவை வைங்க’: 18,000 ரூபாய் போச்சு

பாஸ்புக் என்ட்ரி போட்டப்பதான் தெரிஞ்சது. எங்க அம்மா கணக்குல 18,000 ரூபாயைக் காணோம். ஓடிபி கேட்டு எவனும் போன் பண்ணல. எந்த லிங்க்கையும் தொடல. ஏடிஎம் கார்டே அவங்களுக்குக் கிடையாது. அவங்க கட்டைவிரலை வெச்சே எடுத்திருக்கான். ஆத்திரத்துல எழுதறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

எங்களுது விழுப்புரம் மாவட்டத்துல ஒரு கிராமம். பேங்க் டவுன்ல இருக்கு. நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் பணம் எல்லாத்தையும் ஊர்ல இருக்கற ஜெராக்ஸ் கடையிலயே ரேகை வெச்சு எடுத்துக்குவாங்க. கடை பேர் வேணாம், புகார் ஓடிட்டிருக்கு. ஆதார் வழியா பணம் எடுக்கற மெஷின் அங்க இருக்கு. ஆதார் நம்பரும் பேங்க் பேரும் ரேகையும் இருந்தாப் போதும், பின் நம்பர்கூட கேக்காது.

அம்மா கேட்டது 2,000. கடைல இருந்த பையன் மெஷினை நீட்டியிருக்கான். வெச்சாங்க. “ரேகை விழல பெரிம்மா.” அவனே துணியால விரலைத் துடைச்சு, துளி தேங்காய் எண்ணெய் தொட்டு, நகத்துமேல அழுத்திப் பிடிச்சு மறுபடி வெச்சிருக்கான். “இப்பவும் விழல.” மூணாவது தடவை “ஆங், விழுந்துடுச்சு”ன்னு நாலு ஐந்நூறு ரூபா நோட்டை எண்ணிக் குடுத்திருக்கான். ரசீது கேட்டதுக்குப் பேப்பர் ரோல் தீந்துபோச்சாம். “எவ்ளோ பொறுமையா பண்ணான் தெரியுமா”ன்னு அம்மா வீட்டுக்கு வந்து பெருமையா வேற சொன்னாங்க!

பாஸ்புக்ல பாத்தா முதல் தடவை 10,000 (ஒரு தடவைக்கு உச்சவரம்பே அவ்வளவுதான்), ரெண்டாவது 8,000, மூணாவது 2,000. மூணுமே விழுந்திருக்கு.

அம்மா ஏன் நம்பினாங்கன்னு கேக்காதீங்க. களை வெட்டி, மண்ணு சுமந்து ரேகை தேஞ்ச கை. ரேஷன் கடையிலயும் ரேகை விழாது. நிஜமாவே விழாத கைக்காரங்ககிட்ட “விழல”ன்னா அவங்க ஏன் சந்தேகப்படப் போறாங்க? மெஷின்ல விரல் வெச்சா ஆள் யாருன்னு மட்டும்தான் உறுதியாகும். எவ்ளோ தொகைக்கு வெக்கறோம்னு விரலுக்கு எப்படித் தெரியும்? தொகையை அடிக்கறதும் அவன், திரை திரும்பியிருக்கறதும் அவன் பக்கம். சிலிக்கோன்ல போலி ரேகை செஞ்சு திருடறாங்கன்னு 2023-ல ஆதார் ஆணையம் உயிருள்ள விரலான்னு கண்டுபிடிக்கற தொழில்நுட்பம் கொண்டு வந்துச்சு. எங்க அம்மா விரல் உயிரோடதான் சார் இருந்துச்சு.

போய்க் கேட்டதுக்கு அந்தப் பையன் சொன்னது: “சர்வர் ப்ராப்ளம்ணா, 24 மணி நேரத்துல திரும்ப ஏறிடும்.” ஏறல. திரும்பப் போனா கடைல வேற ஆளு, “அந்தத் தம்பி லீவு.” மெஷின் கம்பெனி நம்பர்ல பாட்டுப் போட்டுட்டு “புகார் டிக்கெட் போட்டாச்சு”ன்னாங்க. பேங்க் மேனேஜர், “உங்கம்மா ரேகை மேட்ச் ஆயிருக்கே, அவங்களே எடுத்திருப்பாங்க, வயசானவங்க மறந்திருப்பாங்க”ங்கறார். 18,000 ரூபாயை மறப்பாங்களா? நூறு நாள் வேலையில அது எத்தனை நாள் வெயில்னு அவருக்குத் தெரியுமா? வாடிக்கையாளர் அனுமதி இல்லாம பணம் போனா யார் பொறுப்புன்னு ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில போட்ட சுற்றறிக்கையைக் காட்டினேன். “ரேகை வெச்சா அனுமதி குடுத்த மாதிரிதான் சார்.” ஸ்டேஷன்லயும் இதே பாட்டு: “அவங்களே கை வெச்சிருக்காங்க, இதுல என்ன சைபர் கிரைம்?” எஸ்எம்எஸ் பாத்திருக்கலாமேன்னு ஆளாளுக்கு உபதேசம். கணக்குல இருக்கறது எறந்துபோன எங்கப்பா நம்பர். மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்த மனு அந்த பிராஞ்ச்லயேதான் கெடக்கு.

என்ன பண்ணலாம்னு விரிவா எழுதலாம்னு உக்காந்தேன், முடியல. அவசரத்துக்கு இது மட்டும்.

ஆதார் ஆப்ல பயோமெட்ரிக் லாக் (ரேகைக்குப் பூட்டு) போடுங்க. ஆதார்ல உங்க மொபைல் நம்பர் இருக்கணும். பூட்டினா ரேஷன் கடையிலயும் ரேகை எடுக்காது, போற நேரத்துக்குத் தற்காலிகமா திறந்துக்கலாம். ‘விழல’ன்னு சொன்னா திரையை உங்க பக்கம் திருப்பச் சொல்லுங்க, தோல்வி ரசீது (பணம் எடுக்கலன்னு மெஷின் தர்ற சீட்டு) கேளுங்க, குடுக்கலன்னா அடுத்த தடவை விரலை வெக்காதீங்க. பணம் போயிருந்தா உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் போன் பண்ணுங்க. பேங்க்ல எழுத்துல புகார் குடுத்து, தேதி போட்டு சீல் வாங்குங்க, வாயால சொல்லிட்டு வராதீங்க. மொபைல் நம்பர் பழசா இருந்தா நாளைக்கே மாத்துங்க.

விழுப்புரம் பக்கம் வேற யாருக்காவது இதே மாதிரி மூணு தடவை ‘விழாம’ போயிருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, சேந்து போய் எஸ்பி ஆபீஸ்ல மனு குடுப்போம்.