அகன்ற முன்பாதம், ஒடுங்கிய குதிகால்: பாறையேற்ற ஷூக்கள் நாள்பட எப்படி மாறுகின்றன?

வழக்கமான காலுக்குப் பாறையேற்ற ஷூ வாங்குவதில் பெரிய சிக்கல் இல்லை. அரை எண் முன்பின் போனாலும் சமாளித்துவிடலாம். முன்பாதம் விரிந்து, குதிகால் ஒடுங்கி, இரண்டாம் விரல் பெருவிரலைத் தாண்டி நிற்கும் காலுக்குத்தான் பாடு. கடையில் பத்து நிமிடம் போட்டுப் பார்த்து எழுதும் மதிப்புரைகள் இந்தக் காலுக்கு உதவாது. ஷூவின் எந்தப் பகுதி நாளடைவில் விட்டுக்கொடுக்கும், எது கடைசிவரை அப்படியே நிற்கும் என்று தெரிந்தால்தான் காசு வீணாகாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குதிகால் கிண்ணமும் விரல்கள் அடங்கும் பகுதியின் உயரமும் சரியாக இருந்தால் வாங்குங்கள்; முன்பாதம் சற்று இறுக்கினால் பொறுத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முன்பாதம் இதமாக இருக்கும்வரை சைஸை ஏற்றிக்கொண்டே போய், இரண்டு மாதத்தில் குதிகால் லொடலொடக்க, ஷூவைக் குறை சொல்கிறார்கள்.

இதற்குக் காரணம் ஷூவின் கட்டமைப்பில் இருக்கிறது. அடிப்பகுதியின் ரப்பருக்கு மேலே, ஷூவைச் சுற்றி ராண்ட் என்னும் மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். குதிகாலின் பின்புறத்திலிருந்து முன்னோக்கி இழுத்து ஒட்டப்பட்ட இந்தப் பட்டைதான் காலை முன்னே தள்ளி, பெருவிரலை நுனியில் அழுத்தி வைக்கிறது. தோல் இளகும், ராண்ட் அவ்வளவு எளிதில் இளகாது. ஆகவே தோல் மட்டும் இருக்கும் இடத்தில் உள்ள இறுக்கம் தீரும், ராண்ட் போகும் இடத்தில் உள்ள இறுக்கம் தீராது.

சைஸ் எண் நீளத்துக்கான கணக்கு. ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கு 6.67 மி.மீ., அரை எண்ணுக்கு 3.3 மி.மீ. பிரிட்டிஷ் அளவில் ஓர் எண்ணுக்கு ஏறக்குறைய 8.5 மி.மீ. அகலம் வேண்டி ஓர் எண் ஏற்றினால் நீளம் முழுசாக 6.67 மி.மீ. கூடும், அகலம் அதில் சிறு பங்குதான் கூடும். கூடிய நீளம் விரலுக்கு முன்னே வெற்றிடமாக நிற்கும். சின்ன விளிம்பில் நிற்கும்போது அந்த வெற்றிடம் மடங்கி, கால் நழுவும்.

தென்னிந்தியாவில் வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதங்களை அளந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, ஷூ போட்டுப் பழகியவர்களின் பாதத்தைவிட அவை அகலமானவை என்று காட்டியது. செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் விரிந்தே இருக்கும். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஷூ அச்சுகள் அந்தக் காலைப் பார்த்து வெட்டப்பட்டவை அல்ல. எனவே, ‘என் கால் மட்டும் கோணல்’ என்று நொந்துகொள்ள வேண்டாம்.

அளவெடுக்க மாலை நேரம் நல்லது. பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். ஏ4 தாளைச் சுவரோடு ஒட்டி வைத்து, குதிகால் சுவரில் பட, முழு எடையையும் அந்தக் காலில் போட்டு நில்லுங்கள். பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து வேறொருவர் பாதத்தைச் சுற்றி வரையட்டும். மிக நீண்ட விரல்வரை நீளம், விரல்களின் அடிமூட்டில் அகலம், அதே இடத்தில் தையல் டேப்பால் சுற்றளவு, குதிகாலின் அகலம் ஆகிய நான்கும் போதும். இரண்டு காலுக்கும் தனித்தனியாக எடுங்கள். நீள வித்தியாசம் 3 மி.மீ. வரை இருந்தால் பெரிய காலுக்கு வாங்கி, சின்ன காலில் மெல்லிய சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும். அதற்கு மேல் என்றால் லேஸ் கட்டும் ஷூவை மட்டும் பாருங்கள். ஒற்றை வெல்க்ரோ பட்டையால் அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது.

போட்டுப் பார்க்கும்போது குதிகாலிலிருந்து தொடங்குங்கள். கிண்ணத்தின் பக்கங்களைக் கட்டைவிரலால் அமுக்கும்போது உள்ளே குழிந்து ‘புஸ்’ என்று காற்று போனால் அங்கே வெற்றிடம். மேசை விளிம்பில் குதிகாலை மாட்டி இழுத்தால் ஷூ கழன்று வரப் பார்க்கிறதா? அப்படியானால் அந்த மாடல் உங்களுக்கு ஆகாது. எந்தப் பழக்கத்திலும் அது சரியாகாது. பிறகு ஒரு குறுகிய மர விளிம்பில் நுனிக்காலால் ஏறி நில்லுங்கள். விரல்கள் மடங்கியிருக்கலாம், ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. பாதம் முழுக்க ஒரே சீராக இறுக்கினால் நல்லது. ஒரே ஒரு புள்ளியில் சூடாகக் குத்தினால் அங்கே எலும்பும் ராண்டும் மோதுகின்றன. இரண்டு நிமிடத்தில் விரல் மரத்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

இரண்டாம் விரல் நீண்ட கால் தனிக் கதை. மிகவும் உள்நோக்கி வளைந்த ஷூக்களில் நுனி பெருவிரலுக்கு நேரே இருக்கும். நீண்ட இரண்டாம் விரலுக்கு அங்கே இடம் போதாது, அதனால் விரலின் கணு (நடுமூட்டு) மேலே எழும்பி ஷூவின் மேல்தோலில் முட்டும். முதலில் கணுவில் சிவப்பு, பிறகு காய்ப்பு, பிறகு நகத்தடியில் இரத்தக்கட்டு என்று வரிசையாக வரும். பலன் அதைவிட மோசம்: எடை பெருவிரலில் இறங்காமல் இரண்டாம் விரலில் இறங்குவதால் சின்ன விளிம்புகளில் ஷூ எவ்வளவு கெட்டியாக இருந்தும் பிடிப்பு வராது. இந்தக் காலுக்கு வளைவு குறைந்த, நுனி சற்று மழுங்கிய, கணுவுக்கு மேலே உயரமுள்ள ஷூ வேண்டும். எவால்வ் நிறுவனத்தின் ஷாமன் மாடலில் மடங்கிய கணுக்களுக்கென்றே மேலே புடைப்பு விட்டிருப்பார்கள். விரிசலில் கால் நுழைத்து ஏறவென்று தட்டையாகச் செய்த மெல்லிய நுனி ஷூக்களை இந்தக் காலில் விரல்களை மடக்கிப் போட்டால் வலிதான் மிச்சம்.

இனி, நீண்ட நாள் உழைத்த சில மாடல்கள். லா ஸ்போர்டிவா மித்தோஸ் அகன்ற முன்பாதத்துக்கும் ஒடுங்கிய குதிகாலுக்கும் நம்பி வாங்கக்கூடியது. உள் லைனிங் இல்லாத மெல்லிய தோல், 4 மி.மீ. ரப்பர், குதிகாலைச் சுற்றிப் போகும் லேஸ். முன்பக்கம் தளர்த்திக் குதிகாலை மட்டும் இறுக்க முடிவது இதன் பலம். ஆனால் இளகும் அளவும் அதிகம். ஒரு முழு எண்வரை தளர்ந்து தோன்றும். கடையில் ‘கச்சிதம்’ என்று தோன்றும் சைஸை எடுத்தால் ஒரு பருவத்துக்குள் விரல்கள் உள்ளே நீந்தும். தொங்கு பாறையில் குதிகாலை மாட்டி இழுக்க இது லாயக்கில்லை. பல மணிநேரம் காலில் கிடக்கும் நீண்ட ஏற்றங்களுக்கும் சாய்வுப் பாறைக்கும் இதைவிட இதமானது குறைவு.

ஸ்கார்பா இன்ஸ்டிங்ட் விஎஸ் நேர் எதிர். மைக்ரோஸ்வேட் என்னும் செயற்கைத் தோல், 3.5 மி.மீ. ரப்பர், அகன்ற முன்பகுதி. முதல் நாள் எப்படி இருக்கிறதோ கிட்டத்தட்ட அப்படியேதான் கடைசிவரை இருக்கும், சற்று மென்மையாகும் அவ்வளவுதான். ஆகவே இதில் சைஸை மிகவும் குறைக்காதீர்கள். லா ஸ்போர்டிவாவின் ஸ்குவாமா இரண்டுக்கும் நடுவே வரும்: முன்பாதத்தில் அகலமாக இளகும், குதிகால் பிடிப்பு அப்படியே இருக்கும். அதே நிறுவனத்தின் சொல்யூஷனில் குதிகால் கிண்ணம் கெட்டியானது. ஒடுங்கிய குதிகாலில் பக்கவாட்டு வெற்றிடம் பெரும்பாலும் மிஞ்சும். கொரிய நிறுவனமான புடோராவின் ஆக்ரோ, ஒரே சைஸில் அகலமானது, ஒடுங்கியது என இரண்டு அச்சுகளில் வருவது பாராட்டத்தக்கது. மற்றவர்களும் இதைச் செய்திருக்கலாம்.

‘பெண்களுக்கு’ என்று எழுதியிருந்தாலும் ‘எல்வி’ என்று எழுதியிருந்தாலும் பொருள் ஒன்றே: உள்ளளவு குறைவு, குதிகால் சிறிது, புறங்கால் தாழ்வு. குதிகால் ஒடுங்கிய ஆண்கள் கூச்சப்படாமல் போட்டுப் பார்க்கலாம். புறங்கால் உயரமானவர்கள் இவற்றைத் தவிர்த்து, முன்வரை திறக்கும் லேஸ் ஷூவுக்குப் போக வேண்டும். லேஸோ பட்டையோ இல்லாமல் அப்படியே நுழைத்துப் போடும், நுழைவாயில் ஒடுங்கிய ஸ்லிப்பர் வகை ஷூவில் கால் உள்ளேயே போகாது.

பெருவிரல் அடிமூட்டில் எலும்பு புடைத்தவர்கள், அந்த இடத்தில் ராண்டின் மேல்விளிம்பு எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். புடைப்பின்மேல் வெறும் தோல் இருந்தால் பந்தும் வளையமும் கொண்ட ஷூ இடுக்கியால் அந்தப் புள்ளியை மட்டும் விரிக்கலாம். உள்ளே பந்து, வெளியே வளையம். தோலை லேசாக ஈரமாக்கி, இறுக்கி, ஓர் இரவு முழுக்க விட்டுவிட்டு மறுநாள் போட்டுப் பார்க்கவும். ஒரேயடியாக இறுக்கினால் தையல் பிரியும். ரப்பர் ஏறியிருந்தால் இடுக்கி பயன்படாது, மாடலை மாற்றுங்கள். குதிகாலின் பின்புறம் எலும்பு துருத்தியவர்கள் ராண்டை பிளேடால் கீறித் தளர்த்துவதுண்டு. வலி குறையும், கூடவே பெருவிரலுக்கு வரும் இழுவிசையும் போய்விடும். திரும்பச் சேர்க்க வழியில்லை.

புது ஷூவைப் பழக்க, முதல் சில முறை மெல்லிய பாலித்தீன் பையைக் காலில் மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். பித்தவெடிப்பு உள்ள குதிகாலில் அதற்கு முன் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வெடிப்பு கிழியும். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் இடையில் ஷூவைக் கழற்றுங்கள். வெந்நீரில் ஊறப்போடுவது, ஹேர் டிரையர் காட்டுவது இரண்டும் தோலை இளக்கும், பசையையும் இளக்கும்.

வெப்பம் நம் பக்கத்தின் தனிப்பிரச்சினை. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஷூவை விட்டால் நுனியில் ராண்ட் பிரியத் தொடங்கும். ஹம்பியின் கிரானைட்டில் நடுப்பகலில் கால் வீங்கும்; காலையில் கச்சிதமாக இருந்த ஷூ அப்போது ஒரு பிடி இறுக்கமாகும். அங்கே ஏறுபவர்கள் விடியலையும் மாலையையும் தேர்ந்தெடுப்பது பாறைச் சூட்டுக்காக மட்டுமல்ல. பாதாமியின் மணற்பாறையில் ரப்பர் தேய்மானத்தைக் கவனியுங்கள்: பெருவிரல் நுனிக்குக் கீழே அடிரப்பர் மெலிந்து, ராண்டின் விளிம்பு தெரிய ஆரம்பித்ததும் அடியை மாற்றிவிட வேண்டும். அந்த நேரத்தில் முன்பாதி அடிரப்பர் மாற்றினாலே போதும், பொருத்தம் மாறாது. ராண்டில் ஓட்டை விழுந்தபின் கொடுத்தால் அதையும் புதிதாக இழுத்து ஒட்டுவார்கள். விரல்பகுதி மறுபடி புது ஷூபோல் இறுகும். உங்கள் கணுவுக்காகப் பார்த்துப் பார்த்து இளக்கிய வடிவம் போய்விடும். பிரிந்த வெல்க்ரோவையும் லேஸ் வளையத்தையும் தெருமுனைச் செருப்புத் தைப்பவரே நன்றாகத் தைத்துக் கொடுப்பார். அடிரப்பரை மட்டும் அவரிடம் மாற்றாதீர்கள்; சாதாரணச் செருப்பு ரப்பருக்குப் பாறையில் பிடிப்பு கிடையாது.