கினிக்கோழியா, கறிக்கோழியா: பல ஆண்டுகள் இரண்டையும் வளர்த்த அனுபவம்

கறிக்காகக் கினிக்கோழி வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அதை பிராய்லரோடு, அதாவது பண்ணைக் கறிக்கோழியோடு, ஒப்பிட்டே கேட்கிறார்கள். பல ஆண்டுகளாக இரண்டையும் வளர்த்து வருகிறேன். வேகம் மட்டுமே முக்கியம் என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை, பிராய்லரை வாங்குங்கள். ஆறு வாரத்துக்குள் அது இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். ஒரு கிலோ உயிர் எடைக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் தீவனம் போதும். அந்த ஆறு வாரத்தில் கினிக்கோழி அரைக் கிலோவைத் தொட்டாலே நல்ல வளர்ச்சி. ஒரு கிலோவை எட்ட ஏறக்குறைய 12 வாரம் ஆகும். அதுவரை கிலோவுக்கு மூன்று கிலோவுக்கும் மேல் தீவனம் தின்றிருக்கும். கறிக்கென்றே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய பிரெஞ்சு ரகங்கள் 12 வாரத்தில் ஒன்றரைக் கிலோ வரை போகும். சாதாரண ரகத்திடம் அந்த எடையை எதிர்பார்க்கக் கூடாது.

நாட்டுக்கோழியின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் கினிக்கோழியின் தரம் தெரியும். நாட்டுக்கோழி ஒன்றேகால் கிலோவுக்கு வர ஐந்து மாதம் எடுத்துக்கொள்ளும் இடத்தில், கினிக்கோழி நான்கு மாதத்தில் அதே எடைக்கு வந்து நிற்கிறது. திறந்தவெளியில் விட்டு வளர்த்தால் பூச்சி, புல் விதை, கரையான், உண்ணி என்று பாதி வயிற்றைத் தானே நிரப்பிக்கொள்ளும். கோழி தோட்டத்தைக் கிளறிப் பாத்தியைக் கலைத்துவிடும். கினிக்கோழியோ மண்ணை அவ்வளவாகக் கிளறுவதில்லை, நடந்துகொண்டே கொத்தும். மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய லாபம் என்பது என் கருத்து.

ஆனால் அந்த நான்காவது மாதத்தைப் பார்க்கக் குஞ்சு முதலில் பிழைக்க வேண்டும். லாபமும் நட்டமும் முதல் ஆறு வாரத்திலேயே முடிவாகிவிடுகின்றன. கோழிமுட்டை 21 நாளில் பொரியும். கினிமுட்டைக்கு 26 முதல் 28 நாள். ஓடு தடிமனாகவும் பழுப்பாகவும் இருப்பதால் விளக்கு வெளிச்சத்தில் கரு பார்ப்பது கடினம். பொரிக்கும் குஞ்சு கட்டைவிரல் பருமன்தான் இருக்கும்: பழுப்புக் கோடு போட்ட முதுகு, ஆரஞ்சு நிறக் கால். உலர்ந்த சில மணி நேரத்திலேயே துள்ளி ஓடும். அந்தச் சுறுசுறுப்பைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஈரமும் குளிரும் அதற்கு எமன். தண்ணீர்த் தட்டில் கால் வைத்து, அடிவயிறு நனைந்த குஞ்சு ஓரமாக ஒதுங்கிக் கண்ணை மூடி நிற்கும். உடனே சூடு காட்டாவிட்டால் பிழைப்பது அரிது. ஆகவே தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் நிரப்பி, அலகு மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். வழுக்கும் காகிதத்தை விரித்தால் கால் அகன்று முடமாகிவிடும். சொரசொரப்பான சாக்கு நல்லது. முதல் வாரம் புரூடரில், அதாவது குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் அடைப்பில், 35 டிகிரி வெப்பம் வேண்டும். தீவனத்தில் 24 முதல் 26 சதவீதம் புரதம் வேண்டும். சாதாரணக் கோழிக்குஞ்சுத் தீவனம் போதாது.

தாய்க் கினிக்கோழியை நம்பிக் குஞ்சுகளை விட வேண்டாம். விடியற்காலைப் பனியில் நனைந்த புல்லுக்குள் அது குஞ்சுகளை இழுத்துக்கொண்டு போகும். பின்தங்குவதைத் திரும்பிப் பார்க்காது. அடையில் இருக்கும் நாட்டுக்கோழிக்கு அடியில் கினிமுட்டையை வைத்தால் அது பொறுப்பாக வளர்த்துத் தரும். சிறிய அளவில் வளர்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆறு வாரம் தாண்டிவிட்டால் கவலை பெருமளவு குறைந்துவிடும். கோழிக் கூட்டத்தைத் தாக்கும் பல நோய்களை இது தாங்கி நிற்கிறது. அதற்காக நோயே வராது என்று எண்ண வேண்டாம். குடற்புழு நீக்கத்தையும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியையும் நான் விடுவதில்லை. பெரிய தொல்லை வேறு: மிரட்சி. இரவில் ஒரு சத்தம் கேட்டால் மொத்தக் கூட்டமும் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று விழும், அடியில் இருப்பவை மூச்சுத் திணறிச் சாகும். கொட்டகையின் மூலைகளை வளைவாக அடைத்து, மங்கலான விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். கோழியைப் பிடிப்பதுபோல் காலைப் பிடித்துத் தூக்கினால் எலும்பு முறியும்; இரு கைகளாலும் இறக்கைகளோடு சேர்த்து உடம்பை அணைத்துத் தூக்க வேண்டும். சத்தமும் அதிகம். பக்கத்திலேயே வீடுகள் இருந்தால் வளர்க்காமல் இருப்பதே நல்லது.

இனி கறி. உரித்துக் குடல் நீக்கிய பின் உயிர் எடையில் 70 முதல் 75 சதவீதம் நிற்கிறது. பிராய்லரும் ஏறக்குறைய அதே அளவுதான். எலும்பு மெலிதாக இருப்பதால், சின்ன உடம்பாகத் தெரிந்தாலும் நெஞ்சுப் பகுதியில் சதை நிறைவாகவே இருக்கும். தோலுக்கடியில் பிராய்லருக்கு இருக்கும் மஞ்சள் கொழுப்புக் கட்டியை இதில் தேட வேண்டியிருக்கும். சதை பிராய்லரைவிடச் சற்றுக் கருமை, சுவை காட்டுப் பறவையை ஒட்டியது. எனக்கு நாட்டுக்கோழியைவிட இதுவே பிடிக்கும். கொழுப்புக் குறைவென்பதால் அதிகத் தீயில் நேரடியாகச் சுட்டால் நார்நாராக வறண்டுவிடும். மூடிபோட்டு, ஈரத்தோடு, மெதுவாக வேக வேண்டும்.

எப்போது வெட்டுவது? 14 முதல் 16 வாரத்துக்குள். அதற்குமேல் தீவனம் இறங்கும் அளவுக்கு எடை ஏறாது, சதையும் முறுகிவிடும். அந்த வயதுக்கு முன்பே சேவலையும் பெட்டையையும் குரலால் பிரிக்க முடிகிறது. இரட்டை அசையில் கூவுவது பெட்டை மட்டுமே. பெட்டைகள் எடையில் சேவலுக்குக் குறைந்தவை அல்ல என்பதால், கறிக்கு அனுப்புவதில் நான் பார்ப்பது எடையை அல்ல, அடுத்த பருவத்து முட்டையை. ஐந்து பெட்டைக்கு ஒரு சேவல் என்று நிறுத்திக்கொண்டு, மிச்சமுள்ள சேவல்களை முதலில் கழித்துவிடுகிறேன். முட்டை ஆண்டு முழுவதும் வராது, பருவத்தில் மட்டுமே. ஆகவே மாதந்தோறும் கறி கொடுக்க வேண்டியவர்கள் பிராய்லர் கொட்டகையை மூடிவிட்டு இதற்கு மாற முடியாது. நானும் மூடவில்லை.