எச்ஓபிஜி கிராஃபைட்: எலக்ட்ரான் உமிழ்வு அளவீட்டில் நீண்ட காலப் பயன்பாடு

இரண்டாம்நிலை எலக்ட்ரான் உமிழ்வை, அதாவது ஒரு பரப்பில் எலக்ட்ரான்களை மோதவிடும்போது அதிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களை, அளக்க எச்ஓபிஜி என்ற, அடுக்குகள் ஒழுங்காகப் படிந்த செயற்கை கிராஃபைட்டைப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம், ஆனால் விலை கூடிய தரம் எல்லோருக்கும் வேண்டியதில்லை. விலை கூடிய இசட்ஒய்ஏ தரத்தில் அடுக்குகளின் சாய்வுச் சிதறல் 0.4 டிகிரி, இசட்ஒய்பி-யில் 0.8. உமிழ்வு வேலைக்கு இசட்ஒய்பி தாராளமாகப் போதும். எந்தத் தரமானாலும் அடுக்கின் தளத்துக்குள் படிகத்துண்டுகள் கண்டபடி திரும்பியிருக்கும். தளத்துக்குள் திசைவாரியாக அளக்க வேண்டுமென்றால் இயற்கையான ஒற்றைப் படிகம்தான் கதி.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் மெதுவான எலக்ட்ரான்கள் தரும் ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த ஆற்றலில் எத்தனை எலக்ட்ரான்கள் வருகின்றன என்ற வரைபடம். வெற்றிட மட்டத்துக்கு (எலக்ட்ரான் வெளியே வரத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல் மட்டம்) 3 எலக்ட்ரான் வோல்ட் மேலே ஒரு தெளிவான முகடு எழும். கிராஃபைட்டின் வெளியேற்று ஆற்றல் ஏறக்குறைய 4.6 எலக்ட்ரான் வோல்ட். அதைத் தாண்டினால் எலக்ட்ரான் வெளியே வந்துவிடும் என்றுதான் பாடத்தில் படித்திருப்போம். இங்கே அது மட்டும் போதாது. ஆற்றல் இருந்தாலும், படிகத்துக்குள் எலக்ட்ரான் இருக்கும் நிலை வெளியே உள்ள அலையோடு நன்றாக இணைய வேண்டும். சில நிலைகள் இணையும், சில இணையாது. 0.335 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்குகள் நிற்பதால் உருவாகும் நிலைகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2025-இல் இப்படி வெளியே நன்றாக இணையும் நிலைகளை வாசல் நிலைகள் என்று விளக்கியது. சில வாசல்கள் ஐந்துக்கு மேற்பட்ட அடுக்குகள் சேர்ந்த பிறகே திறக்கின்றன. ஆகவே ஓரடுக்கு கிராஃபீனில் எடுத்த ஸ்பெக்ட்ரத்தைக் கனமான கிராஃபைட்டுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

பராமரிப்பு சுலபம். டேப் ஒட்டி உரித்தால் புதிய பரப்பு தயார். உடனே அறைக்குள் ஏற்றி, உயர் வெற்றிடத்தில் 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவேன். காற்றில் விட்டால் ஹைட்ரோகார்பன் படிந்துவிடும், அதுவும் கார்பன்தான் என்பதால் பரப்பில் உள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிமின் நிறமாலையில் அழுக்கைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அந்த 3 எலக்ட்ரான் வோல்ட் முகடுதான் எனக்கு நம்பகமான சோதனை. அது மழுங்கினால் மறுபடி உரிக்க வேண்டியதுதான்.

உலோகங்களுக்குச் செய்வதுபோல் ஆர்கான் அயனிகளை மோதவிட்டுச் சுத்தம் செய்யக் கூடாது. அடுக்கொழுங்கு கலைந்து முகடே காணாமல் போகும். இந்தப் பொருளையே 3000 டிகிரி அளவில்தான் தயாரிக்கிறார்கள், நம் மாதிரித்தாங்கியின் சூட்டில் அந்த ஒழுங்கு திரும்பாது.

குறை என்றால், பலமுறை உரித்த பிறகு படிக்கட்டுகளும் செதில்களும் பெருகும். செதில்கள் அறைக்குள் உதிர்ந்து மின்காப்பான்கள்மேல் விழுந்தால் கசிவு மின்னோட்டம் படுத்தி எடுக்கும். அப்புறம், சில எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலே உள்ள எலக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்திலேயே வளைந்துவிடும். காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூ-உலோகக் கவசமும், மாதிரிக்குச் சில வோல்ட் எதிர் மின்னழுத்தமும் இல்லாத அமைப்பு என்றால், கிராஃபைட்டுக்குச் செலவழிக்கும் முன் அவற்றை முதலில் பொருத்திக்கொள்ளுங்கள்.