ஒட்டி நகர்வதா, நெளிந்து நுழைவதா?

வெள்ளையணுக்கள் உடலுக்குள் இடம்பெயர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இன்டெக்ரின் என்ற புரதத்தால் பரப்பைப் பிடித்துக்கொண்டு நகர்வது. இன்னொன்று, எதையும் இறுகப் பிடிக்காமல் உடலை நெளித்து இடுக்குகளில் புகுந்து போவது.

ரத்தக் குழாய்க்குள் முதல் வழிதான் கைகொடுக்கும். ஓடும் ரத்தம் செல்லை அடித்துக்கொண்டு போய்விடுமே! நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு முதலில் சுவரிலுள்ள செலக்டின் என்ற புரதங்களில் லேசாக ஒட்டி உருள்கிறது. குழாய்ச் சுவரில் கீமோகைன் என்ற வேதிச் சைகை கிடைத்ததும், மடங்கிக் கிடந்த இன்டெக்ரின்கள் நிமிர்ந்து சுவரைக் கவ்வுகின்றன. செல் நின்று, தட்டையாகி, பெரும்பாலும் சுவர்ச் செல்களுக்கு இடையே நுழைந்து வெளியேறுகிறது. பீட்டா-2 என்ற வகை இன்டெக்ரின் பிறவியிலேயே குறைபட்ட குழந்தைகளுக்கு ரத்தத்தில் வெள்ளையணுக்கள் மிகுந்திருக்கும். ஆனாலும் அவை குழாயை விட்டு வெளியேற முடியாததால் தொற்று உள்ள இடத்தில் சீழ் பிடிக்காது. தொப்புள்கொடி விழவும் தாமதமாகலாம். இந்த ஒட்டுதலின் அருமைக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, திசுவுக்குள்? அங்கே அடித்துச் செல்லும் ஓட்டம் இல்லை. சுற்றிலும் கொலாஜன் இழைகள். 2008இல் வெளியான ஆய்வில், இன்டெக்ரினே இல்லாத எலி டென்ட்ரிடிக் செல்கள் (கிருமியின் தடயத்தை டி செல்களுக்குக் காட்டும் வெள்ளையணுக்கள்) தோலிலிருந்து நிணநீர் முடிச்சுக்கு வழக்கம்போலப் போய்ச் சேர்ந்தன. செல்லின் முன்பக்கம் ஆக்டின் என்ற புரத இழை வளர்ந்து தள்ளுகிறது. இடுக்கு குறுகினால் பின்பக்கம் மயோசின் என்ற புரதத்தால் சுருங்கி, கெட்டியான உட்கருவைப் பிதுக்கி அனுப்புகிறது. நிணநீர் முடிச்சில் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர் வேகத்தில் திரிவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

திசுவுக்குள் இரண்டாவது வழியே மேல் என்பேன். ஆனால் அழற்சி கண்ட தோலில் சில டி செல்கள் மறுபடி இன்டெக்ரினையே நாடுகின்றன.