தோள்மேடா, பிடரியின் கடைசி மயிரா? மினியேச்சர் குதிரையின் உயரத்தை அளக்கும் இரு முறைகள்

குதிரையின் உயரம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, தரையிலிருந்து தோள்மேட்டின் உச்சி வரையுள்ள செங்குத்து அளவுதான். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே முதுகெலும்பின் முட்கள் மேலெழுந்து நிற்பதே அந்த மேடு. சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு மட்டக் குதிரைக்கு விதித்துள்ள 148 செ.மீ. வரம்பும், லாடம் இல்லாத நிலையில், அங்கேதான் அளக்கப்படுகிறது.

மினியேச்சர் குதிரை என்னும் மிகச் சிறிய குதிரைகளைப் பதிவு செய்யும் அமெரிக்கப் பதிவேடுகள் வேறு வழியில் செல்கின்றன. பிடரி மயிரின் கடைசி இழைகள் எங்கே வேர்விட்டிருக்கின்றனவோ அங்கே அவை அளவுகோலின் குறுக்குச் சட்டத்தை வைக்கின்றன. அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் உச்ச வரம்பு 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 86 செ.மீ. மற்றொரு பதிவேடு 34 அங்குலம் வரை 'ஏ' பிரிவு என்றும், அதற்கு மேல் 38 வரை 'பி' பிரிவு என்றும் பகுக்கிறது.

பெரும்பாலான குதிரைகளுக்குப் பிடரி மயிர் தோள்மேட்டைத் தாண்டி, முதுகு சரியத் தொடங்கும் இடத்தில்தான் முடிகிறது. எனவே மயிர்வழி அளவு, தோள்மேட்டின் அளவைவிட ஓர் அங்குலமோ அதற்கு மேலோ குறைவாக வருவது சாதாரணம். அறுபது அங்குலக் குதிரைக்கு ஓர் அங்குலம் என்பது இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. 34 அங்குலக் குதிரைக்கோ அது ஏறக்குறைய மூன்று விழுக்காடு, பதிவு கிடைப்பதையும் மறுக்கப்படுவதையும் தீர்மானிக்கும் அளவு.

குளிர்காலத்துச் சடை உரோமத்தை விரலால் விலக்கிக் கடைசிப் பிடரி மயிரைத் தேடிப் பார்த்தால் இம்முறையின் பலவீனம் புரியும். பிடரி மயிர் ஒரே இடத்தில் நின்றுவிடுவதில்லை. தடித்த இழைகள் குறைந்து, நாலைந்து தனி இழைகளாகி, உடல் உரோமத்தோடு கலந்துவிடுகின்றன. அவற்றில் எது கடைசி என்பதை அளப்பவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மயிரைப் பிடுங்கலாம், மழிக்கலாம். எலும்பை அப்படி மாற்ற முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே தோள்மேட்டு முறையே நேர்மையானது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

தோள்மேட்டு முறையிலும் பிழை நேரும். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களுக்கு இடையே மார்புக்கூடு தசைகளால்தான் தாங்கப்படுகிறது. ஆகவே மிரண்டு விறைத்து நிற்கும்போது தோள்மேடு சற்று உயரும், தளர்ந்து நிற்கும்போது தாழும். முன்னங்கால்களைப் பரப்பி நிற்க வைத்தாலும் அளவு குறையும். நீண்டு வளர்ந்த குளம்பு அளவைக் கூட்டும். அளவுக்கு மீறிச் சீவிய குளம்பு குறைப்பதோடு குதிரைக்கு வலியையும் தரும். ஆனால் இந்தக் குறைகள் அத்தனையும் மயிர்வழி முறைக்கும் உண்டு. அதற்கென்று கூடுதலாக ஒரு குறையும் இருக்கிறது.

மயிர்வழி முறைக்குச் சாதகமான வலுவான வாதம் ஒன்றே: இப்பதிவேடுகளில் பதிவான உயரங்கள் எல்லாம் அதன்படி எடுக்கப்பட்டவை. முறையை மட்டும் மாற்றினால் தகுதியுள்ள பல குதிரைகள் ஒரே நாளில் வரம்பைத் தாண்டிவிடும். அதனால் வரம்பையும் சேர்த்துத் திருத்த வேண்டும், ஏற்கெனவே பதிவானவற்றின் தகுதியைப் பறிக்கக் கூடாது. அதுவரை குதிரையை விற்பவர், கெட்டியான சமதளத்தில் முன்னங்கால்கள் செங்குத்தாக நிற்க, ரசமட்டம் பொருத்திய கோலால் இரண்டு இடங்களிலும் அளந்து, எந்த எண் எந்த இடத்துக்கு உரியது என்று எழுதிக் கொடுக்கலாம்.