வகிடு அகலமும் தலை அரிப்பும்: கீட்டோகொனசோல் ஷாம்பு, மினோக்சிடில் இரண்டையும் இரண்டு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

முடி கொட்டியதைவிட என்னைப் பாடாய்ப் படுத்தியது அரிப்புதான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கிராணி (குமாஸ்தா) வேலை எனக்கு. ஆலைக்குள் கால் வைத்தால் ஹெல்மெட் போட்டாக வேண்டும். மத்தியானத்துக்குள் வகிடு நெடுக நமநமவென்று ஊறல் எடுக்கும். நகம் பட்டால் மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு செதில் வரும். வகிடும் வருடா வருடம் அகன்றுகொண்டே வந்தது. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இதே வாகுதான். பெண்கள் இதை வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறோம், அதனால்தான் விலாவாரியாக எழுதுகிறேன்.

ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி அரசாங்கக் கிளினிக்கில் காட்டினேன். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். தோல் டாக்டர் விளக்கு வைத்த சின்ன உருப்பெருக்கியைத் தலையில் வைத்துப் பார்த்து, படத்தை எனக்கும் காட்டினார். பின்னந்தலையில் ஒரு துவாரத்துக்கு இரண்டு மூன்று முடி, எல்லாம் ஒரே தடிமன். வகிட்டில் ஒரு துவாரத்துக்கு ஒற்றை முடி. ஒன்று தடி, பக்கத்திலேயே பூனைமுடி போல இன்னொன்று. சுற்றிலும் சிவப்பும் செதிலும்.

“உங்களுக்கு ரெண்டு பிரச்சினைம்மா. முடி மெலியறது பரம்பரை. அரிக்கிறது வேற. முதல்ல அரிப்பை அடக்குவோம்,” என்றார்.

அந்த வரிசைதான் என்னைக் காப்பாற்றியது. அரிப்புக்குப் பெயர் செபோரிக் டெர்மடைட்டிஸ். மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லார் தலையிலும் இருக்கிறது. தோலின் எண்ணெயைத் தின்று வாழும் அது, சிலருக்கு மட்டும் அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. பரம்பரை முடி உதிர்வில் மயிர்க்காலின் மேற்பகுதியைச் சுற்றி லேசான அழற்சி இருப்பதும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் அரிப்பு, சொறிவது, மெலிந்த முடி ஒடிவது என்று போகும்.

முதலில் அந்தப் பூஞ்சையை அடக்கும் 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பு. வாரம் இருமுறை. இதை முடிக்குப் போடக்கூடாது, தோலுக்குப் போட வேண்டும். ஈரத் தலையில் வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தடவி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுவேன். அந்த ஐந்து நிமிடத்தைச் சுருக்கினால் பலன் குறைகிறது. சில வாரங்களில் அரிப்பு நன்றாக அடங்கியது. முடி வைக்கோல் மாதிரி வறண்டது உண்மை. கண்டிஷனரை நுனிக்கு மட்டும் போட்டுச் சமாளித்தேன். இப்போது வாரம் ஒருமுறை. தீபாவளி வேலையில் விட்டுவிட்டால் திரும்பவும் ஆரம்பித்துவிடும். இது குணமாக்கும் மருந்தல்ல, அடக்கி வைக்கும் மருந்து. ஸ்டீராய்டு லோஷனும் தந்தார்கள், சில நாளுக்கு மட்டும். நாள்பட்டால் தோல் மெலியும்.

எண்ணெய் விஷயத்தில் என் மாமியாருக்கு வருத்தம்தான். ஆனால் தேங்காய் எண்ணெயை இரவு முழுக்க உச்சியில் ஊறவைப்பது மலசீசியாவுக்குச் சோறு போடுவதுதான். நுனி முடிக்கு மட்டும் தடவுகிறேன், அத்தையும் இப்போது ஒப்புக்கொண்டுவிட்டார். வகிட்டில் குங்குமம் வைப்பதையும் டாக்டர் நிறுத்தச் சொன்னார், கடைக் குங்குமத்தில் சாயம் கலப்பதுண்டு. நெற்றியில் மட்டும் வைக்கிறேன். தலைச்சாயம் அடிப்பவர்களுக்கு அதிலுள்ள பிபிடி என்ற பொருளே ஒவ்வாமை தரலாம்.

தோல் அடங்கிய பிறகுதான் முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினோக்சிடில். பெண்களுக்கான 2 சதவீதத் திரவத்தைக் காலையும் இரவும் போட்டேன். எரிச்சல், திரும்பவும் அரிப்பு. ஆனால் இந்தச் செதில் வேறு: காய்ந்த மாவாக உதிர்ந்தது, மஞ்சள் பிசுக்கு இல்லை. டாக்டரிடம் சொன்னதும், திரவத்தில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் பலருக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். அது இல்லாத 5 சதவீத நுரைக்கு மாறினேன், தினம் ஒருமுறை. விலை கூடுதல், ஆனால் எரிச்சல் நின்றது. மினோக்சிடில் அரிக்கிறது என்று தூக்கிப் போடுகிறவர்கள் இதை அவசியம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நம் ஊர் வெக்கையில் நுரை விரலில் பட்டதும் கரைந்து வழிந்துவிடும். கையைக் குளிர்ந்த நீரில் கழுவித் துடைத்துவிட்டு எடுத்தால் வகிடு வரைக்கும் நுரையாகவே போய்ச் சேரும். ஆரம்ப வாரங்களில் முடி அதிகம் கொட்டலாம், பயப்பட வேண்டாம். பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகலாம். எனக்கு வகிடு மேலும் அகலவில்லை, முன்னால் குட்டி முடிகள் வந்திருக்கின்றன. பழைய அடர்த்தி வரவில்லை. நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும். கன்னத்தோரம் கொஞ்சம் மென்முடி வந்தது, நுரை நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்கிறேன். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் போடக்கூடாது.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ‘ஒரே வாரத்தில் அரிப்பு போகும்’ என்று விற்கும் களிம்புகளை வாங்காதீர்கள், தங்கச்சிகளே. சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பதிவு பெற்ற மருந்தென்றால் டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும்.

கடைசியாக, கூடுதல் கவனம் வேண்டிய ஒன்று. அரிப்போடு எரிச்சலும் வலியும் இருந்து, முடியின் அடியில் சிவந்து, துவாரமே தெரியாமல் தோல் வழவழவென்று பளபளத்தால் அது தழும்பாக்கும் வகை முடி உதிர்வாக இருக்கலாம். ஷாம்புவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் உடனே தோல் டாக்டரிடம் போங்கள். தேவைப்பட்டால் சின்னத் துணுக்குத் தோல் எடுத்துச் சோதிப்பார்கள். தழும்பான இடத்தில் எந்த மருந்துக்கும் முடி முளைக்காது.